எண்பது நானோமீட்டர்

ஜனவரி 6, செவ்வாய்

இன்றைய பேட்ச்சும் குப்பைக்குப் போனது. எண்பது நானோமீட்டரில் நிற்க வேண்டிய துகள்கள் இருநூற்றைம்பது, முந்நூறு என்று கன்னாபின்னாவென்று வந்திருக்கின்றன. நல்ல பேட்ச்சாக இருந்தால் குப்பியை வெளிச்சத்தில் பிடிக்கும்போது லேசாக ஒரு நீலம் ஓடும். இன்றைக்கு வந்தது தண்ணீர் ஊற்றிய மோர்.

லேப் நோட்டில் ‘அளவு சரியில்லை, மறுபடி செய்ய வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கே அதற்கு மேல் எழுத முடியாது. வாய்க்கு வந்ததை எழுத ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்த டைரியை எடுத்திருக்கிறேன். மோட்டார் பம்ப் கம்பெனி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த ஓசி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் ஒரு பம்ப்செட் படம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வேலை இதுதான். சில குழந்தைகளின் ஈரலுக்குப் பிறவியிலேயே ஒரு புரதத்தைச் செய்யத் தெரியாது. அது இல்லாவிட்டால் சாப்பிடும் பருப்பும் பாலும் உடலுக்குள் அமோனியாவாகத் தேங்கி மூளையைத் தாக்கும். அந்தப் புரதத்தைச் செய்வது எப்படி என்ற குறிப்பை எம்.ஆர்.என்.ஏ. என்ற இழையாக ஆக்கி ஈரலுக்கு அனுப்பப் பார்க்கிறோம். வெறும் இழையாக ரத்தத்தில் விட்டால் அங்கேயே சிதைந்துபோகும். அதனால் கொழுப்பு உறைக்குள் பொதிந்து அனுப்ப வேண்டும். எத்தனாலில் கரைத்த கொழுப்பு ஒரு சிரிஞ்சில், இழை கரைந்த அமில நீர் இன்னொரு சிரிஞ்சில். இரண்டையும் பம்ப் ஒன்றாகத் தள்ளும். மயிரிழை போன்ற குழாயில் இரண்டும் சந்திக்கும் நொடியில் துகள்கள் தாமாகத் திரளும். போன வருடம் நவம்பர் வரை ஒழுங்காகத்தான் திரண்டன. டிசம்பரிலிருந்து சண்டித்தனம்.

பூங்கொடி, வயது நாற்பத்தேழு, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். இரண்டு சிரிஞ்சிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

எத்தனாலை மாற்றினேன். சீல் உடைக்காத புது பாட்டில். பயனில்லை.

லேப் வேகிறது. தை பிறப்பதற்கு முன்பே இப்படி என்றால் சித்திரையில் என்ன செய்வது? போன மாதம் பம்ப் மேசையை ஏசிக்கு நேர் கீழே நகர்த்தச் சொன்னதே கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கத்தான். அதுவும் போதவில்லை. இந்த லட்சணத்தில் இம்தியாஸ் கம்பளி ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் லேப் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கீழே இருக்கும் ஒரே விஞ்ஞானி இவன். இதே கோயமுத்தூர் உக்கடத்திலிருந்து வருகிறானா ஊட்டியிலிருந்து வருகிறானா என்று தெரியவில்லை.

“மேடம், ஏசியக் கொஞ்சம் கொறச்சுக்கலாமா? வெரலு மரத்துப்போகுது.”

“முப்பது வயசுல வெரலு மரத்துப்போகுதா? நல்லாச் சாப்புடு.”

ரிமோட்டை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

காங்கேயத்திலிருந்து அந்தப் பெண் மறுபடியும் ஃபோனில். வாரம் தவறுவதில்லை.

எல்லாம் எங்கள் டைரக்டர் சத்தியசீலன் செய்த வேலை. போன ஆடியில் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ‘இரண்டே வருடத்தில் மருந்து’ என்று தலைப்பு. நாங்கள் இன்னும் எலிக்கே போடவில்லை. அதைப் படித்துவிட்டு, அதே குறையுள்ள ஒரு குழந்தையின் அம்மாவான இந்த சுகந்தி ஆபீசுக்கு ஃபோன் அடித்திருக்கிறார். ரிசப்ஷனில் யோசிக்காமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

“மேடம், நானுங்க, சுகந்தி. தொந்தரவு பண்றனுங்களா?”

ஆமாம் என்று எப்படிச் சொல்வது?

“சொல்லுங்க.”

“பாப்பா இந்த வாரம் பரவால்லீங்க. ஸ்கூலுக்கெல்லாம் போனா. உங்க வேலையெல்லாம் எப்படிங்க போகுது?”

“போகுதுங்க.”

“மருந்து…”

“நான்தான் சொன்னனே சுகந்தி. எலிக்கே இன்னும் போகல.”

“செரிங்க, செரிங்க. நீங்க மெதுவாப் பண்ணுங்க.”

மெதுவாகப் பண்ணச் சொல்லத்தான் ஃபோனா? அந்தக் குழந்தையின் பெயர் மித்ரா, வயது ஏழு, இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. எதையும் நான் கேட்கவில்லை. அவராகச் சொல்வது. அடுத்த முறை எடுக்கப் போவதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அடுப்பருகே நிற்க முடியாமல் பானை பொங்கும் முன்பே வாசலுக்கு வந்துவிட்டேன். மாமியார் பார்த்த பார்வையை எழுதப் பக்கம் போதாது.

ஜனவரி 19, திங்கள்

சத்தியசீலன் கூப்பிட்டார். பெங்களூரில் எலிச் சோதனைக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். நாங்கள் மருந்து தேடும் குழந்தைகளுக்கு இருக்கும் அதே குறையோடு பிறக்கும் எலிகள். அந்த எலிகள் சுலபத்தில் கிடைக்காது. மார்ச் ஆரம்பத்தில் குப்பிகள் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

“எனக்கு அடுத்தடுத்து மூணு பேட்ச் நல்லா வரணும் பூங்கொடி. ஒண்ணு நல்லா வந்து ஒண்ணு ஊத்திக்கற கதையெல்லாம் அவங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“எனக்கு ஒண்ணே வரல சார்.”

“போன வருஷம் வந்துச்சே. என்ன மாறுச்சு?”

அதைத்தானே ஒன்றரை மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்? எத்தனால் மாற்றியாயிற்று. கொழுப்பு வேறு லாட்டிலிருந்து எடுத்தாயிற்று. குழாய், சிரிஞ்ச், அமில நீர், எல்லாம் புதிது. பம்ப்பைக் கழற்றிச் சோதித்தாயிற்று. லேப்பில் மாற்றாத பொருள் என்று எதுவும் இல்லை.

ஜனவரி 21, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் மங்கி குல்லா போட்டு, இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஹால் சோபாவில் படுத்திருக்கிறார். பெட்ரூமில் படுக்க முடியவில்லையாம்.

“ஏம் பூங்கொடி, ஒருக்கா லேடி டாக்டரப் பாத்துட்டு வந்தர்லாமில்ல?”

“எதுக்கு?”

“இல்ல, எங்கக்காவுக்கும் இந்த வயசுல இப்புடித்தான் ஒடம்பெல்லாம் சூடா…”

“உங்கக்காவுக்கு வாய் மட்டும்தான் சூடு.”

அவர் குல்லாவைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தார். பேட்ச்: இருநூற்று எழுபது.

ஜனவரி 23, வெள்ளி

கோபியில் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க வழியில்லை. பேட்ச்சை இம்தியாஸைத் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் கெடத்தான் போகிறது, யார் போட்டால் என்ன? பட்டுப்புடவை ஒரு தண்டனை. மண்டபத்தில் நான் உட்கார்ந்த இடத்துக்கு மேலே மட்டும் ஃபேன் இல்லை.

ஜனவரி 24, சனி

எழுபத்தெட்டு.

இம்தியாஸ் காலையில் படம் அனுப்பினான். எழுபத்தெட்டு நானோமீட்டர், எல்லாத் துகளும் ஒரே அளவு, இழையில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு உறைக்குள். ஒன்றரை மாதமாக நான் தலையால் தண்ணீர் குடித்தும் வராதது, நான் ஒரு நாள் இல்லாதபோது வருகிறதாம்.

ஃபோனில் கேட்டேன். “என்ன மாத்தின?”

“ஒண்ணும் மாத்தல மேடம். நீங்க எழுதி வெச்சபடிதான் பண்ணேன்.”

“அப்பறம் எப்படி வந்துச்சு?”

“தெரியல மேடம். அல்லா புண்ணியம்.”

நல்ல விளக்கம். இதைக் கட்டுரையில் போடலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

இன்றைக்கு என் கண் முன்னால் அவனை மறுபடி போடச் சொன்னேன். அதே கை, அதே எத்தனால், அதே பம்ப். இருநூற்று அறுபது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

ஜனவரி 28, புதன்

மீட்டிங். என்னையும் இம்தியாஸையும் தவிர ஏழு பேர். சத்தியசீலன் எழுபத்தெட்டைத் திரையில் போட்டுவிட்டு, “இதத்தானே தேடிட்டிருந்தோம்” என்று சிரித்தார்.

“அந்த எண்ண நான் நம்பல சார்” என்றேன்.

இம்தியாஸ் எழுந்து நின்றான். “மேடம், மிஷின்ல ஃபைல் இருக்கு. யாரு வேணாலும் பாக்கலாம்.”

“ஃபைல் இருக்கும். மிஷினுக்குள்ள வெச்சது எந்தக் குப்பின்னு மிஷினுக்குத் தெரியுமா? போன வருஷத்து நல்ல பேட்ச்செல்லாம் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு.”

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏதாவது கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. உட்காரவும் இல்லை. சத்தியசீலன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, விசாரிச்சு முடிக்கற வரைக்கும் நீங்க வீட்ல இருங்க இம்தியாஸ்” என்றார்.

நான் கேட்டது நியாயமான கேள்வி. நம்ப முடியாத எண் வந்தால் கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பெயர்தான் அறிவியல். மதியம் டப்பாவைத் திறக்கவில்லை. பசியில்லை.

ஜனவரி 30, வெள்ளி

தனியாகப் போட்டேன். இருநூற்று நாற்பது.

ஃப்ரிட்ஜில் போன வருடத்துக் குப்பிகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று விடாமல் இருக்கின்றன. சீல் எதுவும் உடையவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகிவிடாது.

எதையும் கேட்காமலே எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் வேலை இரண்டு பங்கு நேரம் பிடிக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

கொழுப்புக் கரைசலை வழக்கம் போல வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கதகதப்பாக்கி, சிரிஞ்சில் இழுத்து, பம்ப்பில் மாட்டினேன். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பட்டனை அழுத்தப் போகும் நேரம் ஃபோன். சுகந்தி. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

“மேடம்… பாப்பா காலைலருந்து வாந்திங்க. இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தனுங்க. தூக்கம் தூக்கமாப் போறா. கேட்டா பேச மாட்டீங்கறா.”

“அமோனியா பாத்தாங்களா?”

“அதத்தானுங்க சொல்றேன். வகுறு கெட்டிருக்கும், ஓ.ஆர்.எஸ். குடுங்கங்கறாங்க. நோய் பேரு சொன்னா எழுத்து எழுத்தாச் சொல்லச் சொல்றாங்க. சொன்னாலும் புரிய மாட்டீங்குதுங்க. மேடம், இந்த ஊருல அந்தப் பேர ஒருதடவ சொன்னதும் புரிஞ்சுக்கற ஆளு ஒருத்தரும் இல்லீங்க. கோயமுத்தூர் டாக்டர விட்டா எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தருதானுங்க. அதுக்குத்தான் வாராவாரம் கூப்புடறது. மருந்துக்கு இல்லீங்க. மருந்துக்கு நாளாகும்னு எனக்கே தெரியுமுங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

“ட்யூட்டி டாக்டர்கிட்ட ஃபோனக் குடுங்க.”

குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. நான் மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொன்னேன். நோய் என்ன, தூக்கம் ஏன் ஆபத்து, ரத்தம் எடுத்து ஐஸில் வைத்து அனுப்பி அமோனியா பார்க்க வேண்டும், இந்தக் குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் கோயமுத்தூர் டாக்டரை இந்த நிமிடமே ஃபோனில் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசினார். நான் அதைவிட உரக்கப் பேசினேன். கடைசியில், “மேடம், அந்த டாக்டர் நம்பர் இருக்கா?” என்றார். சுகந்தியிடம் இருந்த கிளினிக் நம்பரை யாரும் எடுக்கவில்லையாம்; ஆஸ்பத்திரி நம்பரை இணையத்தில் தேடிக் கொடுத்தேன். குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் ஃபோனை வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் சிரிஞ்சில் கொழுப்பு வெளுத்துப்போயிருந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையுமே, அப்படி. அடியில் செதில் செதிலாக.

கழற்றிக் கைக்குள் மூடிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். திறந்தபோது மறுபடி கண்ணாடி போல இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஏசியின் வாய் நேராகப் பம்ப்பின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. பம்ப்பின் இரும்பைத் தொட்டால் ஐஸ். தொட்டியில் எவ்வளவு சூடாக்கினாலும், மாட்டி, காற்றுக் குமிழி நீக்கி, பட்டன் அழுத்துவதற்குள் கொழுப்பில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் உறைய ஆரம்பித்திருக்கும். பாதி உறைந்த கொழுப்பு ஒழுங்காக எங்கே திரளும்?

ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினேழு. அது என் கோட்டுப் பையில் இருந்தது. யார் பதினேழில் வைத்தது, டிசம்பரில் மேசையை இங்கே நகர்த்தச் சொன்னது யார் என்று எழுத வேண்டியதில்லை.

கோபிக்குப் போன அன்று ரிமோட்டை மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

ஏசியை நிறுத்திவிட்டுப் போட்டேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முதுகில் கோட்டு ஒட்டிக்கொண்டது. எண்பத்தொன்று. குப்பியை ஜன்னலருகே பிடித்தேன். நீலம் ஓடியது.

சந்தோஷம் வரவில்லை.

சுகந்திக்கு நானே ஃபோன் செய்தேன். சும்மா, தகவலுக்காக. மித்ராவைக் கோயமுத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். அமோனியா எக்கச்சக்கமாக ஏறியிருந்து இப்போது இறங்கிவருகிறது. கண் விழித்து டி.வி. கேட்டாளாம்.

பிப்ரவரி 5, வியாழன்

உக்கடத்தில் இம்தியாஸ் வீட்டைக் கண்டுபிடிக்க நான்கு சந்து சுற்றினேன். அவன் அம்மா கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும், “வாங்கம்மா, உள்ள வாங்க” என்றார். டீ வந்தது. இம்தியாஸ் எதிரே உட்கார்ந்தான். ஸ்வெட்டர் இல்லாமல் அவனை இப்போதுதான் பார்க்கிறேன். ஒடிசலாக இருந்தான்.

சிரிஞ்ச் உறைந்ததைச் சொன்னேன். எண்பத்தொன்றைச் சொன்னேன். அவன் கண்ணில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. என்ன இருந்தாலும் அவனும் அதே இரண்டு மாதத்தை என்னோடு அனுபவித்தவன்.

“அன்னிக்கு ஏசி போட்டியா?”

“இல்ல மேடம். நீங்க இல்லயில்ல, ஆஃப் பண்ணிட்டு நிம்மதியா வேல பாத்தேன்.” பிறகு மெதுவாக, “அதப் போயி ஒரு மாத்தம்னு நான் நெனைக்கவே இல்ல” என்றான்.

“நான் சொன்னது தப்பு இம்தியாஸ். ஸாரி. நாளைக்கே வந்துரு.”

அவன் அம்மா சமையலறைக் கதவருகே நின்றிருந்தார். அவன் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மேடம், என்னத் திருட்டுப்பயன்னு சொன்னது ஏழு பேர் முன்னாடி. ஸாரி சொல்றது எங்க வீட்டு ஹால்லயா?”

“திருட்டுப்பயன்னு நான் சொல்லவே இல்ல.”

“அந்த வார்த்தைய மட்டும்தான் சொல்லல.”

டீயைக் குடித்து முடித்துக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே வந்தேன். திமிர் பிடித்தவன். அவன் சொன்னது சரி.

பிப்ரவரி 9, திங்கள்

மீட்டிங்கைக் கூட்டச் சொன்னதே நான்தான். இம்தியாஸையும் வரச் சொல்லியிருந்தேன். கதவோரம் உட்கார்ந்தான்.

எண்பத்தொன்றைக் காட்டினேன். காரணத்தைச் சொன்னேன். “ஜனவரி இருபத்து மூணாம் தேதி இம்தியாஸ் போட்ட பேட்ச் உண்மையானது. அவர நான் சந்தேகப்பட்டது தப்பு. அந்தச் சந்தேகத்த எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

இதோடு முடிந்திருக்கலாம். சத்தியசீலன் விடுவாரா?

“ஆனா பூங்கொடி, ஜனவரி மாசம் ஏன் பதினேழுல வெச்சீங்க? கோயமுத்தூர்ல அப்ப ஏசியே தேவையில்லையே?”

“எனக்கு வேர்க்குது சார்.”

“அதான் ஏன்னு கேக்கறேன். மறுபடி இப்படி ஆகக் கூடாதில்ல?”

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் ஆண்கள். இத்தனை வருடத்தில் அது என் மனதில் பட்டதே இல்லை.

“வயசு சார். மாதவிடாய் நிக்கற வயசு. திடீர் திடீர்னு ஒடம்பு பத்தி எரியுது. ரெண்டு மாசமா. அதனால வெச்சேன்.”

ஒருவர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். ஒருவர் பேனா மூடியைத் தேடினார். சத்தியசீலன் திரையில் இருந்த எண்பத்தொன்றை அப்போதுதான் பார்ப்பது போல உற்றுப் பார்த்தார்.

இம்தியாஸ்தான் பேசினான். “அப்ப மேசையப் பழைய எடத்துக்கே நகர்த்திடலாம் சார். பம்ப்ப நான் பாத்துக்கறேன். மேடத்துக்கு ஏசி பக்கத்துல தனியா ஒரு மேச போட்டாப் போதும்.”

வெளியே வந்ததும் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். இந்த வார்த்தையை வீட்டுக்காரரிடம்கூட இன்னும் நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

எழுபத்தொன்பது. மேசையை நகர்த்தும்போது என் கால் கட்டைவிரலில் போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

எண்பத்திரண்டு. லேடி டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வண்டி ஓட்டினார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லாமல் இருப்பதற்கு மனிதர் பட்ட பாட்டை முதுகிலேயே பார்க்க முடிந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

எண்பது. அடுத்தடுத்து மூன்று. இம்தியாஸ் கைகொடுத்தான். இன்னும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சிரிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

குப்பிகள் பெங்களூருக்குப் போய்விட்டன. பெட்டியை இம்தியாஸே கொண்டுபோகிறேன் என்றான். நோன்பு வைத்துக்கொண்டு எதற்கு என்றேன். “கூரியர்காரன் வெயில்ல வெச்சுட்டா யாரக் கேக்கறது மேடம்?” என்றான். இப்போது அவனும் என்னைப் போலச் சிடுசிடுக்க ஆரம்பித்துவிட்டான்.

மார்ச் 27, வெள்ளி

பெங்களூரிலிருந்து முடிவு வந்துவிட்டது. ஊசி போட்ட மறுநாளே எலிகளின் ரத்தத்தில் அமோனியா குறையில்லாத எலிகளின் அளவுக்கு இறங்கியிருக்கிறது. வழக்கமான தீவனத்தைக் கொடுத்தும் ஏறவில்லை. ஒரு வாரம் அப்படியே நின்றிருக்கிறது. அதன் பிறகு ஏறத் தொடங்கிவிட்டது. ஊசி திரும்பத் திரும்பப் போட வேண்டும். திரும்பப் போட்டால் ஈரல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு பெரிய பிராணி. பிறகு அனுமதி. எத்தனை வருடம் என்று யார் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு வாரம்.

சத்தியசீலன் உள்ளே வரும்போதே ஃபோனைக் கையில் வைத்திருந்தார். “பத்திரிகைக்குச் சொல்லிடலாமா?”

“சொல்லுங்க சார். நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். எலிக்கு, ஒரு வாரம்னு நான் சொல்லுவேன்.”

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டார். இம்தியாஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

சுகந்தி வந்திருந்தார். குழந்தையை டாக்டரிடம் காட்டக் கோயமுத்தூர் வந்தவர், “வாசல்ல நின்னு ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயர்றோமுங்க” என்று ஃபோனில் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்து, மூன்று மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சுகந்தி, குரலை வைத்து நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். மித்ரா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, முளைக்கத் தொடங்கிய முன்பற்களோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். வரவேற்பறையில் உட்கார வைத்தோம். இம்தியாஸ் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினான்.

அவள் எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். சுகந்தி கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசை எடுத்து டீப்பாய் மேல் வைத்து, ஒரு பிஸ்கட்டை அதில் போட்டு எண்ணைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் எவ்வளவு புரதம் தாங்கும் என்று கணக்குப் போட்டார். பாதியாக உடைத்து ஒரு பாதியைக் கொடுத்தார். குழந்தை அதை ஓரத்திலிருந்து கொறித்துக் கொறித்துத் தின்றாள். மீதிப் பாதியை யாரும் தொடவில்லை. அது தராசிலேயே இருந்தது.

“எல்லாத்தையுமா?” என்று இம்தியாஸ் கேட்டான்.

“ஆமாங்க. சோறு, இட்லி, எல்லாமேதானுங்க. பொறந்ததுலருந்து.” சுகந்தி சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் பேச்சை மாற்ற நினைத்து, எலிகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். எலிக்கு வேலை செய்தது, ஒரு வாரம்தான், மனிதருக்கு வர இன்னும் ரொம்பக் காலம் ஆகும், வராமலும் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுகந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். என்னை அவர் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாளும் அவர் என்னை அவசரப்படுத்தியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அந்த எலிக்கும் என்ன மாதிரிதானா?” மித்ரா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“ஆமா. உன்ன மாதிரியேதான் பொறந்துச்சு.”

“ஊசி போட்டீங்களா?”

“போட்டோம்.”

“ஒரு வாரம் நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு.”

அவள் விரலில் ஒட்டியிருந்த தூளை நக்கி முடித்தாள்.

“அந்த ஒரு வாரம் அது என்ன சாப்டுச்சு?”

“மத்த எலியெல்லாம் சாப்புடறதத்தான்.”

“அளக்காமயா?”

“அளக்காம.”

அவள் என்னை நம்பலாமா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு இம்தியாஸைப் பார்த்தாள். அவனும் தலையாட்டினான். அவள் மெல்ல அம்மாவின் பக்கம் சாய்ந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, காதருகே சொன்னாள்:

“அம்மா, அளக்காமயாம்மா.”